இரைப்பைச் சாந்தோமா எண்டு ரிப்போட் வந்தால் அடுத்து என்ன செய்யிறது?

கந்தர்மடம் எச்ஓ

நான் ஹவுஸ் ஒஃபிசர் (எச்ஓ). இரைப்பைச் சாந்தோமா (சவ்வில கொழுப்புத் தேங்கின மஞ்சள் திட்டு) எண்டு வந்த ஒரு பயொப்சி (கிள்ளியெடுத்த துண்டு) ரிப்போட் பற்றித் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கவேணும். 58 வயது ஆண். சாப்பிட்டால் வயிறு ஊதுது, கொஞ்சம் எரிவு. மெலிவு, வாந்தி, இரத்தச்சோகை எதுவும் இல்லை. இரைப்பைக்குள்ள கமரா விட்டுப் (எண்டொஸ்கொப்பி) பாத்ததில அன்ட்ரத்தில (இரைப்பையின்ர கீழ்ப்பகுதி), லெஸர் கேர்வ் (உள்வளைவு) பக்கம், 4 மில்லிமீற்றர் மஞ்சள் திட்டு ஒண்டு. அதில இருந்து ஒரேயொரு துண்டு எடுத்திருக்கு. "லமினா புரொப்ரியாவில் (சவ்வின் மேற்பரப்புக்கு அடியிலுள்ள இணைப்புத் திசு) நுரைக்கலங்கள், சாந்தோமாவுக்கு ஒத்துப்போகிறது, புற்று இல்லை" எண்டு ரிப்போட். ஹெலிக்கோபக்ரர் பைலோரிக் கிருமியைத் தேடுற யூரியேஸ் ரெஸ்ற் செய்யேல்லை. அமிலம் குறைக்கிற ஒமெப்ரசோல் ரெண்டு மாதமாய்ப் போடுறார்.

இது கொலஸ்ரரோலால வாறதோ? வெட்டி எடுக்கவேணுமோ? திரும்பக் கமரா விடவேணுமெண்டால் எப்ப?

மைக்ரோட்டம்

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை. கண்ணிமையில் வருகிற மஞ்சள் படிவோடு பெயர் ஒத்திருப்பதால் எல்லோரும் உடனே லிப்பிட் புரொஃபைல் (இரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எழுதுகிறார்கள். இரைப்பையில் கதை வேறு. நாட்பட்ட அழற்சியில் மேற்பரப்புக் கலங்கள் சிதைந்து கொட்டுகிற கொழுப்பை மக்ரோபேஜ்கள் (கழிவை அகற்றும் கலங்கள்) விழுங்கி, சவ்வின் லமினா புரொப்ரியாவிலேயே தங்கிவிடுகின்றன. இரத்தத்தில் கொலஸ்ரரோல் சாதாரணமாக இருக்கிறவர்களிலும் இது தாராளமாக வரும். அந்த வயதில் லிப்பிட் பார்ப்பது நல்லதுதான், ஆனால் இந்தத் திட்டுக்காக அல்ல.

ஸ்லைட்டில் நுரைபோலத் தெரிவதற்குக் காரணம், லாப்பில் துண்டைப் பதப்படுத்தும்போது (புரொசெசிங்) அல்கஹோலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட்டு வெறும் குமிழ்களை விட்டுச் செல்வது. ஆகவே பரஃபின் பிளொக்கில் (துண்டு பதித்த மெழுகுக் கட்டி) ஒயில் ரெட் ஓ என்ற கொழுப்புச் சாயம் போட்டுப் பிரயோசனம் இல்லை, அதற்கு உறையவைத்து வெட்டும் ஃபுரோசன் செக்‌ஷன் வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிறிய, நசுங்கிய துண்டில் நுரைக்கலமும் சிக்னெட் ரிங் (முத்திரை மோதிர வடிவ) புற்றுக்கலமும் ஒன்றையொன்று ஏமாற்றும். நுரைக்கலத்தில் கரு சிறிது, நடுவில், சாதுவாக இருக்கும். சிக்னெட் ரிங்கில் கரு ஓரமாக ஒதுங்கி, பிறைபோல அழுத்துப்பட்டுக் கறுத்திருக்கும். சந்தேகம் வந்தால் முதலில் மலிவான பிஏஎஸ் சாயம் போடலாம்: சாந்தோமா பிடிக்காது, மியூசின் (சளிப்பொருள்) உள்ள புற்றுக்கலம் மஜெந்தா நிறத்தில் பிடிக்கும். மக்ரோபேஜ்தான் ஆனால் பிஏஎஸ் பிடிக்கிறது என்றால் மியூசினை விழுங்கிய மக்ரோபேஜா, விப்பிள் நோயா (அரிதான பக்ரீரியாத் தொற்று), மைக்கோபக்ரீரியாவா (காசநோய்க் கிருமி வகை) என்று பார்க்கவேண்டும், ஆசிட் ஃபாஸ்ற் சாயமும் போடவேண்டும். அதற்கும் மேலே போய் இம்யூனோ சாயம் போட்டால் சிடி68 (மக்ரோபேஜ் அடையாளம்) நேர், சைற்றோகெராற்றின் (மேற்பரப்புக் கல அடையாளம்) மறை என்பது சாந்தோமாவுக்கு உறுதி.

பிலோரஸ்

வெட்டத் தேவையில்லை. 4 மில்லிமீற்றர் சாந்தோமா ஆரையும் ஒண்டும் செய்யாது. இரத்தம் கசியாது, அடைக்காது, அதுவே புற்றாய் மாறாது.

ஆனால் இந்த ரிப்போட்டில எனக்குப் பிடிக்காதது, திட்டை மட்டும் கிள்ளிப்போட்டு மிச்ச இரைப்பையை விட்டதுதான். சாந்தோமா நல்ல சவ்வில வாறது அரிது. அனேகமாய் அதுக்குப் பக்கத்தில அட்ரொஃபி (சுரப்பி அழிஞ்சு சவ்வு மெலியிறது) இருக்கும், இன்ரெஸ்டைனல் மெற்றாபிளேசியா (இரைப்பைச் சவ்வு குடல்சவ்வு மாதிரி மாறுறது) இருக்கும், ஹெலிக்கோபக்ரர் பைலோரி இருக்கும் அல்லது இருந்து போயிருக்கும். 2014 கியோட்டோ காஸ்ட்ரைற்றிஸ் (இரைப்பை அழற்சி) வகைப்படுத்தலில சாந்தோமாவை இப்ப தொற்று உள்ள இரைப்பையிலும் தொற்றுப் போன இரைப்பையிலும் காணுற அடையாளமாய்ப் போட்டிருக்கினம். மருந்து குடுத்துக் கிருமி போனாலும் திட்டு அப்பிடியே கிடக்கும். யூரியேஸ் நெகற்றிவ், சாந்தோமா இருக்கு எண்டால் பழைய தொற்று எண்டு நினைச்சுக்கொண்டு பாக்கவேணும். பித்தம் ஏறுற, பாதி வெட்டின இரைப்பையிலும் சாந்தோமா வரும், ஆகவே பழைய ஒப்பரேஷன் விசாரியுங்கோ.

ஜப்பான், கொரியா ஆய்வுகளில சாந்தோமா உள்ளவையில இரைப்பைப் புற்றும் கூடக் காணப்பட்டிருக்கு. காரணம் திட்டில்லை, ரெண்டுக்கும் அடியில இருக்கிற சவ்வு.

இந்த நோயாளிக்குத் திரும்பக் கமரா விடவேணும் எண்டுதான் என்ர கருத்து. அவசரமில்லை, ஆனால் ஒழுங்காய்.

கந்தர்மடம் எச்ஓ

நன்றி சேர். ஒழுங்காய் எண்டால் என்னென்ன?

பிலோரஸ்

ஒமெப்ரசோல் வகை எதுவெண்டாலும் ரெண்டு கிழமை நிப்பாட்டவேணும், அன்ரிபயோட்டிக் எடுத்திருந்தால் நாலு கிழமை. எரிவு தாங்கேலாதெண்டால் சாதாரண அன்ராசிட் போடலாம்.

உள்ள போனால் முதல் வேலை கழுவுறது. சளியும் நுரையும் இருக்கிற இரைப்பையில அட்ரொஃபி எல்லை தெரியாது. நல்லாய்க் காத்தடிச்சு மடிப்பை விரிச்சுப் பாக்கவேணும். கமரா உள்ள போனதில இருந்து வெளிய வரும்வரைக்கும் 7 நிமிசத்துக்குக் குறையக்கூடாது எண்டு பிரித்தானிய வழிகாட்டி சொல்லுது. எங்கட கிளினிக் வரிசையைப் பாத்தால் இது பகிடி மாதிரித்தான் இருக்கும். எண்டாலும் மஞ்சள் திட்டுக் கண்ட நோயாளிக்காவது அந்த நேரத்தைக் குடுங்கோ.

பாக்கவேண்டியது என்னெண்டால், கோர்ப்பஸின்ர (இரைப்பையின்ர நடு உடல்) கீழ்ப்பக்கம் லெஸர் கேர்வில சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி ஒரே இடைவெளியில நிக்குதோ எண்டு. அது சேகரிப்பு நாளங்கள். வடிவாய் நிண்டால் அந்த இரைப்பையில பைலோரி இல்லையெண்டு ஓரளவு நம்பலாம். அது அழிஞ்சு, சவ்வு வெளிறி, அடியில இரத்தக்குழாய் தெரிஞ்சால் அட்ரொஃபி. அந்த எல்லை எங்க நிக்குதெண்டு கிமுரா-தக்கெமொத்தோ முறையில எழுதுங்கோ. அன்ட்ரத்தோட நிண்டால் சி1, கோர்ப்பஸ் லெஸர் கேர்வின்ர கீழ்ப்பகுதி வரைக்கும் ஏறினால் சி2, மேல்பகுதி வரைக்கும் எண்டால் சி3. கார்டியாவைத் (உணவுக்குழாய் சேருற மேல்வாய்) தாண்டிக் கிரேற்றர் கேர்வ் (வெளிவளைவு) பக்கம் பரவத் தொடங்கினால் ஓ வகை. "காஸ்ட்ரைற்றிஸ்" எண்டு ஒரு சொல் எழுதினால் அடுத்த முறை பாக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது.

மெற்றாபிளேசியா வெள்ளை வெளிச்சத்தில சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டாய், கொஞ்சம் எழும்பித் தெரியும், சிலவேளை தெரியவே தெரியாது. என்பிஐ (நீல-பச்சை வெளிச்சம்) இருந்தால் போட்டுப் பாருங்கோ, மேற்பரப்பு முகடுகளில வெளிர்நீலக் கோடு ஓடினால் அங்க ஒரு துண்டு எடுங்கோ.

எண்டொஸ்கொப்பி மிஸ்

கழுவுறதைப் பற்றி டொக்டர்மார் சொல்லுவினம், தண்ணியை ஏத்திறது நாங்கள். கமராவுக்கு முதல் சிமெத்திக்கோன் கலந்த தண்ணி குடிக்கக் குடுத்தால் பாதி நுரை உள்ளயே அடங்கியிடும். அசற்றைல்சிஸ்ரீனும் சேத்தால் ஒட்டிப்பிடிச்ச சளி இளகும். 20 நிமிசத்துக்கு முந்திக் குடுத்தால் நல்லது, கட்டிலில ஏறும்போது குடுத்து ஒரு பலனும் இல்லை.

பயொப்சியில அடிக்கடி பிழைக்கிற விசயம் ஒழுங்கு. யூரியேஸ் ரெஸ்ற்றுக்குப் போற துண்டை முதல் எடுக்கவேணும். போமலின் (துண்டைக் கெடாமல் வைக்கிற திரவம்) போத்தலுக்குள்ள தோய்ச்ச, துண்டு கிள்ளுற ஃபோர்செப்ஸைத் திரும்ப உள்ள விட்டு எடுத்த துண்டை யூரியேஸ் ஜெல்லில வைச்சால், அந்தத் துளி போமலினே கிருமியின்ர நொதியைக் கெடுத்துப்போடும். பேந்து பொய் நெகற்றிவ். யூரியேஸுக்கு அன்ட்ரத்தில ஒண்டு, கோர்ப்பஸில ஒண்டு வையுங்கோ, ஒமெப்ரசோல் போட்ட ஆக்களில கிருமி மேல ஏறியிருக்கும்.

கிற் பிரிட்ஜில இருந்து எடுத்த உடன வைக்காதேங்கோ, அறைச் சூட்டுக்கு வரவிட்டு வையுங்கோ. கறண்ட் போய் பிரிட்ஜ் நிண்டு, ஜெல் வைக்க முன்னமே றோஸ் நிறம் தட்டியிருந்தால் அந்தக் கிற்றை எறியவேணும். 24 மணித்தியாலத்துக்குப் பிறகு நிறம் மாறினதைப் பொசிற்றிவ் எண்டு எழுதக்கூடாது, வேற பக்ரீரியாவும் அப்ப மாத்தும்.

ஊசியால துண்டைச் சுரண்டி எடுத்தால் நசுங்கும். ஃபோர்செப்ஸைத் திறந்து போமலினுக்குள்ள மெல்லமாய் ஆட்டினால் தானாய் விழும்.

சாவகச்சேரி ஜீபி

இடம் இடமாகத் துண்டெடுக்கிற சிட்னி முறையில் ஐந்து துண்டு, ஐந்து போத்தல் என்று எழுதினால் பிரைவேற்றில் பயொப்சிக் காசு போத்தல் கணக்கில் ஏறுகிறது. வெங்காயம் வித்து வாழ்கிற மனிசனிடம் ஐந்து போத்தலுக்குக் காசு கேட்பது நியாயமா?

மைக்ரோட்டம்

ஐந்து போத்தல் தேவையில்லை, இரண்டு காணும். ஆனால் ஒரே போத்தல் கூடாது.

1994 இல் ஹூஸ்ரனில் திருத்திய சிட்னி முறைப்படி துண்டுகள் இவை: அன்ட்ரத்தில் பிலோரஸில் (இரைப்பையின் கீழ்வாய்) இருந்து 2–3 சென்றிமீற்றருக்குள் லெஸர் கேர்வில் ஒன்று, கிரேற்றர் கேர்வில் ஒன்று, இன்சிசுராவில் (உள்வளைவின் மடிப்பு) ஒன்று, கோர்ப்பஸில் லெஸர் கேர்வில், இன்சிசுராவுக்கு 4 சென்றிமீற்றர் மேலே ஒன்று, கிரேற்றர் கேர்வில், கார்டியாவில் இருந்து ஏறக்குறைய 8 சென்றிமீற்றரில் ஒன்று. அன்ட்ரமும் இன்சிசுராவும் ஒரு போத்தலில் போகலாம், ஓல்கா என்ற அட்ரொஃபி நிலைப்படுத்தலிலும் அவை ஒரு பகுதியாகவே எண்ணப்படுகின்றன. கோர்ப்பஸ் இரண்டும் மற்றப் போத்தலில். திட்டில் திரும்ப எடுப்பதானால் அது தனி.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன கெடும் தெரியுமா? கோர்ப்பஸ் சுரப்பிகள் அழிந்து, அவ்விடத்தில் அன்ட்ரம் போன்ற சுரப்பிகள் வந்திருந்தால், ஸ்லைட்டில் அது சாதாரண அன்ட்ரமாகவே தெரியும். எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்தால்தான் "இது இருக்கவேண்டிய இடமில்லை" என்று சொல்லமுடியும். ஒட்டோஇம்யூன் காஸ்ட்ரைற்றிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்கும் அழற்சி) தவறிப்போவது பெரும்பாலும் இப்படித்தான். அதில் அன்ட்ரம் தப்பும், கோர்ப்பஸ் அழியும். பி12 குறைந்து, ஆள் வெளிறிக் கால் விறைப்போடு வரும்வரை ஒருவருக்கும் தெரியாது.

பிலோரஸ்

மைக்ரோட்டம் ஒட்டோஇம்யூன் எண்டு சொன்னதால ஒரு எச்சரிக்கை. மஞ்சளாய்த் தெரியிறது எல்லாம் சாந்தோமா இல்லை.

கோர்ப்பஸில, வெளிறி மெலிஞ்ச சவ்வுக்கு நடுவில, சிவப்புக் கலந்த மஞ்சள் மொட்டு ஒண்டு அல்லது நாலைஞ்சு, வழுவழுப்பாய் உருண்டிருந்தால் அது முதலாம் வகை நியூரோஎண்டொகிரைன் (ஹோர்மோன் சுரக்கிற கலங்களின்ர) கட்டியாய் இருக்கலாம். அமிலம் இல்லாததால காஸ்ட்ரின் ஹோர்மோன் ஏறி, ஈசிஎல் எண்ட அந்தக் கலங்களைத் தூண்டி வாறது. அதில துண்டு கட்டாயம் எடுக்கவேணும், குரோமோகிரானின், சினப்ரோபைசின் சாயங்கள் கேக்கவேணும். லிப்போமாவும் (கொழுப்புக் கட்டி) மஞ்சள், ஆனால் அது சவ்வுக்கு அடியில. மூடின ஃபோர்செப்ஸால அமத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும், தலையணை அடையாளம் எண்டுறது இதைத்தான். சாந்தோமா அமுங்காது, தட்டையாய், எல்லை கூர்மையாய், மேற்பரப்பு பொடிமணியாய் இருக்கும்.

கந்தர்மடம் எச்ஓ

மற்ற அரிதான சாதுக் கட்டிகளுக்கும் இப்பிடிச் சுற்றுச் சவ்வு பாக்கவேணுமோ, இல்லாட்டி சாந்தோமாவுக்கு மட்டுந்தானோ?

மைக்ரோட்டம்

கட்டிக்குக் கட்டி வேறுபடும்.

இன்ஃபிளமற்றரி ஃபைப்ரொயிட் பொலிப் (பொலிப் என்றால் உட்புறம் எழும்பும் மொட்டு) என்று ஒன்று உண்டு. 1949 இல் வானெக் விவரித்தது. அன்ட்ரத்தில், பிலோரஸுக்குக் கிட்ட, சவ்வுக்கு அடியில் இருந்து எழும்பும். மேலே மூடியிருக்கிற சவ்வு ஒன்றும் சொல்லாது, அல்லது நுனி புண்பட்டிருக்கும். ஃபோர்செப்ஸால் கிள்ளினால் "சாதாரண சவ்வு" என்றே ரிப்போட் வரும், அதை நம்பி விட்டுவிடக்கூடாது. முழுதாக எடுத்தால்தான் சுழல்கலங்களும் ஈயோசினோபில்களும் இரத்தக்குழாயைச் சுற்றி வெங்காய வளையம் போல அடுக்கியிருப்பதும் தெரியும். இம்யூனோ சாயத்தில் சிடி34 நேர், சிடி117 உம் டொக்1 உம் மறை. முன்பு இதை வெறும் அழற்சி என்றார்கள், 2008 இல் பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணு மாற்றம் கண்டுபிடித்த பிறகு உண்மையான சாதுக் கட்டி என்று கணக்கில் எடுக்கிறார்கள். பெருத்தால் பிலோரஸுக்குள் போய் அடைத்து, விட்டுவிட்டு வாந்தி வரும்.

இடம்மாறிய பங்கிரியாஸ் அனேகமாக அன்ட்ரத்தின் கிரேற்றர் கேர்வில், நடுவில் தொப்புள் போன்ற குழியோடு இருக்கும். அது பிறவியிலேயே வந்தது, சுற்றுச் சவ்வோடு அதற்குத் தொடர்பில்லை. தொந்தரவு இல்லையென்றால் விடலாம்.

காஸ்ட்ரைற்றிஸ் சிஸ்ற்றிக்கா புரொஃபண்டா பழைய இரைப்பை-சிறுகுடல் இணைப்பு வாயில் வரும். சுரப்பிகள் மஸ்கியூலாரிஸ் மியூகோசாவைத் (சவ்வின் அடித் தசைப் படலம்) தாண்டி அடியில் இறங்கி நீர்ப்பையாக வீங்கும். அதைப் பார்த்து ஊடுருவிய புற்று என்று எழுதிவிடுவது தெரிந்த விபத்து. கலங்கள் சாதுவாக இருக்கின்றனவா, சுற்றி லமினா புரொப்ரியா கூட வந்திருக்கிறதா, புற்றைச் சுற்றி வருகிற நார்த்திசு எதிர்வினை (டெஸ்மோபிளேசியா) இல்லையா என்று பார்த்தால் தப்பலாம். புல்லுக்கட்டு மாதிரி எல்லாவற்றையும் ஒரே சந்தேகத்தில் கட்டக்கூடாது.

பிலோரஸ்

அடிக்கடி காணுற ரெண்டு பொலிப்பையும் சொல்லவேணும், சுற்றுச் சவ்வு எதிரும் புதிருமாய் இருக்கும். ஃபண்டிக் கிளான்ட் பொலிப் நல்ல, அமிலம் சுரக்கிற, பைலோரி இல்லாத கோர்ப்பஸில வரும். ஒமெப்ரசோல் ஒரு வருசத்துக்கு மேல போட்ட ஆக்களில கூட. 1 சென்றிமீற்றருக்குக் குறைவாய் அஞ்சாறு இருந்தால் ஒண்டில துண்டு எடுத்து உறுதிப்படுத்தினால் காணும், குளுசை உண்மையில தேவையோ எண்டும் பாருங்கோ. 40 வயதுக்குக் குறைஞ்ச ஆளில 20க்கு மேல கண்டால், அல்லது டியோடினத்தில (முன்சிறுகுடல்) அடினோமாவும் (சுரப்பிக் கட்டி) இருந்தால், குடும்பத்தில பெருங்குடல் பொலிப் வரலாறு கேட்டு கொலனொஸ்கொப்பிக்கு அனுப்பவேணும்.

ஹைப்பர்பிளாஸ்ரிக் பொலிப் அதுக்கு நேர் மாறு. அட்ரொஃபியும் அழற்சியும் உள்ள சவ்வில வரும், நுனி அரிபட்டு இரத்தம் கசிஞ்சு இரும்புச்சத்துக் குறையும். 1 சென்றிமீற்றருக்கு மேலெண்டால் ஸ்னெயர் (கம்பிச் சுருக்கு) போட்டு முழுதாய் எடுக்கவேணும், கிள்ளின துண்டு டிஸ்பிளேசியாவைத் (புற்றுக்கு முந்தின மாற்றம்) தவறவிடும். சின்னனெண்டால் முதல் பைலோரிக்கு மருந்து. 1998 இல வந்த ஜப்பான் ஆய்வொண்டில மருந்து எடுத்த 15 பேரில 12 பேருக்குப் பொலிப் தானாய் மறைஞ்சது, 3 இல இருந்து 15 மாதத்துக்குள்ள.

சாவகச்சேரி ஜீபி

டொக்டர், சின்னப் பொலிப்பை விட்டுவைத்து மருந்து கொடுக்கலாம் என்பது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிறவருக்குச் சரி. நெடுந்தீவில் இருந்து படகில் வருகிறவர் ஆறு மாதத்தில் திரும்ப வருவார் என்று நம்பி விடமாட்டேன். ஒரே தடவையில் எடுத்துவிடுவதுதான் நல்லது.

பிலோரஸ்

எடுங்கோ, ஆனால் எடுத்ததோட பைலோரி மருந்தை விட்டிடாதேங்கோ. சவ்வு அப்பிடியே இருந்தால் திரும்ப முளைக்கும். மருந்தும் 14 நாள் முழுதாய்ப் போகவேணும். வாய்க் கசப்பெண்டு நடுவில நிப்பாட்டிற ஆக்கள்தான் கூட, அதை முதலே சொல்லிவிடுங்கோ. பிறகு ஆகக் குறைஞ்சது 4 கிழமை கழிச்சு மல அன்ரிஜெனோ யூரியா மூச்சுப் பரிசோதனையோ. இரத்த அன்ரிபொடி பாக்காதேங்கோ, அது கிருமி போன பிறகும் மாதக்கணக்காய், வருசக்கணக்காய் நிக்கும்.

எச்ஓ கேட்ட "எப்ப திரும்ப" எண்டதுக்கு: துண்டுகளில அட்ரொஃபியோ மெற்றாபிளேசியாவோ அன்ட்ரத்தோட மட்டும் நிண்டு, குடும்பத்தில இரைப்பைப் புற்று இல்லாமல், மெற்றாபிளேசியா முழுமை வகையாயும் (சிறுகுடல் சவ்வை ஒத்தது) கிருமி போயும் இருந்தால், 2019 ஐரோப்பிய வழிகாட்டிப்படி தொடர் கமரா தேவையில்லை. அன்ட்ரமும் கோர்ப்பஸும் ரெண்டும் பிடிச்சிருந்தால், அல்லது ஓல்கா 3, 4 எண்டால், 3 வருசத்துக்கு ஒருக்கா. அதோட தாய், தகப்பன், கூடப்பிறந்த ஆருக்கும் இரைப்பைப் புற்று இருந்தால் 1–2 வருசம். சாந்தோமா இருக்கெண்டதுக்காக மட்டும் இந்தக் கணக்கு மாறாது.

கோண்டாவில் லாப்

துண்டு லாப்புக்கு வந்த பிறகு கெடுறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.

போமலினைப் பைப் தண்ணியில அல்லது கிணத்துத் தண்ணியில கலக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. வலிகாமத்தில சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, கல்சியம் கூட. பொஸ்பேற் உப்பைப் போட்டால் வெள்ளையாய்ப் படியும், பஃபர் போய்விடும். பஃபர் இல்லாத போமலின் நாள்பட ஃபோர்மிக் அமிலமாகி, ஸ்லைட்டில கறுப்பு-மண்ணிறத் தூள் விழும். அதை இரும்பு எண்டு நினைச்சு பேர்ல்ஸ் இரும்புச் சாயம் போட்டு நேரம் போகும். ஒரு லீற்றருக்குக் கணக்கு: 37–40 வீதச் செறிவு போமலின் 100 மில்லி, டிஸ்ரில்ட் வோட்டர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பொஸ்பேற் மொனோஹைட்றேற் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பொஸ்பேற் 6.5 கிராம். பிஎச் 7க்குக் கிட்ட நிக்கவேணும்.

இதே கிணத்துத் தண்ணி ஒரு இடத்தில மட்டும் உதவும். ஹீமற்றொக்சிலின் சாயத்துக்குப் பிறகு நீலமாக்கிறதுக்குக் காரத் தண்ணி வேணும், எங்கட தண்ணி அந்த வேலையைக் கெதியாய்ச் செய்யும்.

துண்டு 2–3 மில்லிமீற்றர்தான், எண்டாலும் 6 மணித்தியாலம் போமலினில கிடக்கவேணும். போமலின் துண்டின்ர 10 மடங்குக்குக் குறையக்கூடாது. பெரிய ஸ்பெசிமனோட சேத்து நீண்ட புரொசெசிங்கில போட்டால் அல்கஹோலும் சைலீனும் துண்டை வறட்டி, வெட்டும்போது வெடிச்சுக் கீறு கீறாய் வரும். பயொப்சிக்குக் குறுகின சுற்று தனியாய்ப் போடுங்கோ. மெழுகில பதிக்கும்போது (எம்பெட்) துண்டை விளிம்பில நிப்பாட்டவேணும், படுக்க வைச்சால் மேற்பரப்பு மட்டும் வெட்டுப்படும், சுரப்பி அடி தெரியாது, அட்ரொஃபி சொல்லேலாது. 3–4 மைக்ரோன், ஆகக் குறைஞ்சது மூண்டு லெவல் (வெவ்வேறு ஆழத்தில வெட்டு). லெவலுக்கு இடையில ரெண்டு வெறும் ஸ்லைட்டை எடுத்து வைச்சால், பேந்து பிஏஎஸ், ஜீம்சா சாயம் கேக்கும்போது பிளொக்கைத் திரும்ப மட்டப்படுத்தித் துண்டைத் தின்னவேண்டி வராது.

மைக்ரோட்டம்

கடைசியில் சொன்ன வெறும் ஸ்லைட் விசயத்துக்கு நன்றி. திட்டு இரண்டு மூன்று லெவலிலேயே முடிந்துபோகும், ஸ்ரெயின் கேட்கும்போது பிளொக்கில் வெறும் மெழுகுதான் இருக்கும்.

எச்ஓ, றிக்குவெஸ்ற் ஃபோமில் இத்தனையும் எழுதுங்கள்: திட்டின் இடம், அளவு, நிறம், அட்ரொஃபி எல்லை, ஒமெப்ரசோல் எப்போது நிறுத்தியது, இரும்புக் குளுசை எடுக்கிறாரா, முன்பு இரைப்பை ஒப்பரேஷன், யூரியேஸ் முடிவு. இரும்புக் குளுசை அரித்த சவ்வில் மண்ணிறப் படிகங்கள் கிடக்கும், சொல்லாவிட்டால் நாங்கள் வேறு எங்கோ தேடுவோம். அழற்சியில் நியூட்ரோபில் இருந்து கிருமி காணவில்லை என்றால், யூரியேஸ் முடிவு தெரிந்தால் ஒரு இம்யூனோ மிச்சம்.

கந்தர்மடம் எச்ஓ

விளங்குது. பழைய பிளொக்கில சிடி68 உம் கெராற்றினும் போடவேணுமெண்டு தோன்றினால் கொழும்புக்கு அனுப்பேக்க என்ன கவனம்?

கோண்டாவில் லாப்

பிளொக்கை மட்டும் அனுப்பாதேங்கோ. எச்ஈ (வழமைச் சாயம் போட்ட) ஸ்லைட், ரிப்போட் பிரதி, பொசிற்றிவ் சார்ஜ் உள்ள ஸ்லைட்டில வெட்டின வெறும் செக்‌ஷன் நாலைஞ்சு சேத்து அனுப்புங்கோ, சாதாரண ஸ்லைட்டில இருந்து அன்ரிஜென் ரிட்றீவல் (இம்யூனோவுக்கு முதல் சூடாக்கிறது) கொதியில செக்‌ஷன் கழண்டு போகும். கசெட்டில பென்சிலால இலக்கம் எழுதுங்கோ, பேனை மை அல்கஹோலிலயும் சைலீனிலயும் போய்விடும். பஸ்ஸில குடுத்துவிடுறதெண்டால் எஞ்சின் பக்கம், டாஷ்போட் மேல வைக்க விடாதேங்கோ, சித்திரை வெயிலில மெழுகு இளகினால் துண்டு சரிஞ்சுபோகும். பஞ்சு சுத்திப் பிளாஸ்ரிக் பெட்டியில போட்டு இரவு பஸ்ஸுக்குக் குடுங்கோ.